பத்து வயதுக்காரி எங்கே?

இதழுக்கு வரும் சிறுகதைகளில் பெண் இல்லாத கதை அநேகமாகக் கிடையாது. ஆனால் எட்டு, பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கதையின் நடுவில் நிற்பது அபூர்வம். பையன்கள் நிற்கிறார்கள். கிணற்றில் குதிக்கிறார்கள், பீடி குடித்து அகப்படுகிறார்கள், வாத்தியாரிடம் அடி வாங்குகிறார்கள், அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நடுங்குகிறார்கள். அவர்களுடைய அக்காவும் தங்கையும் அதே வீட்டில்தான் வளர்ந்திருப்பார்கள். கதையிலோ அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். மறுபடி வெளியே வரும்போது தாவணி போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவன் அவர்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான்.

இலக்கியத்தில் பெண் சித்திரிப்பு என்று பேச்செடுத்தால் கண்ணகி, மாதவி என்று தொடங்கி தி. ஜானகிராமனின் யமுனா, அலங்காரத்தம்மாள் வரை வந்துவிடுகிறோம். அவர்களைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. ஒன்றை மட்டும் பேசவில்லை. மணமாகும்போது கண்ணகிக்கு 12 வயது, கோவலனுக்கு 16 என்கிறது சிலப்பதிகாரம். திருமகளுக்கும் அருந்ததிக்கும் ஒப்பானவள் என்ற புகழோடு அவள் நமக்கு அறிமுகமாகிறாள். தீவலம் வந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பயமாக இருந்ததா, தூக்கம் வந்ததா என்று இத்தனை நூற்றாண்டுகளில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பட்டிமன்றங்களில் கற்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். அவள் வயது யார் வாயிலும் வருவதில்லை.

தமிழ் நாவல் பிறந்த காலத்தில் இந்த வயதுக் கணக்கு உயிர் போகும் விஷயமாக இருந்தது. மணமான பெண்ணோடு உறவுகொள்வதற்கான குறைந்தபட்ச வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய சட்டம் 1891இல் வந்தது. அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு. அடுத்த ஆண்டு அ. மாதவையா, ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. 1903இல் ‘முத்துமீனாட்சி’யாக நூலாயிற்று. குழந்தையிலேயே மணமுடிக்கப்பட்டு விதவையாகும் பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அதை அமைத்தார் மாதவையா. இடையிடையே சீர்திருத்தக்காரரின் குரல் அவள் குரலை அமுக்கிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பிள்ளையை ‘நான்’ என்று சொல்ல விட்டார் பாருங்கள், அதன் பெருமை பெரிது. அவர் போட்டுக் கொடுத்த வழியில் பின்னால் வந்தவர்கள் அதிகம் நடக்கவில்லை.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ தமிழின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. எத்தனை முறை படித்தாலும் கண் கலங்கும். ரயிலில் ஒரு தகப்பனும் அவருடைய சின்னப் பையனும் போகிறார்கள். அதே பெட்டியில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, காமாட்சி. கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலை செய்யப் போய்க்கொண்டிருக்கிறாள். பையன், தான் தின்னாமல் பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சை அவளிடம் கொடுக்கிறான். தகப்பனுக்கு உடம்பு சிலிர்க்கிறது. நமக்கும்தான். புத்தகத்தை மூடிய பிறகு யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. கதை சிலிர்ப்பது பையனின் மனசைக் கண்டு. அந்தப் பெண் வண்டியோடு போய்விடுகிறாள். போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி அவளை எந்த மூலையில் படுக்கச் சொன்னார்கள்? பாஷை புரியாத ஊரில் வயிற்றுவலி என்று யாரிடம் சொல்வாள்? அந்த ஆரஞ்சை அவள் தின்றாளா, வைத்துக்கொண்டாளா? ஜானகிராமன் எழுதியதில் குறை என்று சொல்லவில்லை. தகப்பனின் கதையைத் தகப்பனின் கதையாக அவர் பூரணமாக எழுதிவிட்டார். காமாட்சியின் கதையை எழுத அவருக்குப் பின்னால் யாரும் அந்த ரயிலில் ஏறவில்லை என்பதுதான் நம் வருத்தம்.

அம்பை வேறொரு வண்டியில் ஏறினார். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘கசடதபற’வில் வந்த ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் சொல்கிறவளே சிறுமி. ஓடி ஆடித் திரிகிறவள், அம்மா என்றால் உயிர். அம்மா ஊருக்குப் போயிருக்கும் சமயத்தில் அவள் வயதுக்கு வருகிறாள். அக்கம்பக்கம் எல்லாம் கூடிப் பேசுகிறது. தனக்கு என்ன நேர்ந்தது என்று விளங்கவில்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். உறவுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் கறுப்பு என்று தட்டிக்கழித்துவிட்டுப் போன கசப்போடு வருகிறாள். அந்தக் கசப்பு நாலு வார்த்தையாக மகள்மேல் விழுகிறது. அவ்வளவுதான் கதை. அந்த நாலு வார்த்தை கேட்கும்வரை அவள் கறுப்பு அவளுக்கு ஒரு குறையாக இருக்கவில்லை என்பதை அம்பை முன்பக்கங்களிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். அவள் எப்படிக் குதித்தாள், எண்ணெய் தேய்த்துவிடும் அம்மாவின் கை எப்படி இருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருப்பதால்தான் கொலை கொலையாக வலிக்கிறது. வயதுக்கு வருவதை அதற்கு முன்னாலும் எழுதியிருக்கிறார்கள். பந்தலுக்கு வெளியே நின்று எழுதினார்கள்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) லிஸியும் நினைவுக்கு வருகிறாள். பெரியவளாகிவிட்டாள் என்று பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்படுகிறவள். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ லட்சுமி பழைய கதவில் ஏறி ஆடுகிறாள், கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்கிறாள். விளையாடுகிற வயதும் தாயாகிற வேலையும் ஒரே உடம்பில். கி.ரா. அதை அழுத்திச் சொல்லாமலேயே சொல்லிவிட்டார்.

இந்த வரிசையில் பாமாவின் ‘சங்கதி’ (1994) எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது. சேரியின் பெண்பிள்ளைகள் அதில் கூட்டமாக வருகிறார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறார்கள், தம்பி தங்கையை இடுப்பில் சுமக்கிறார்கள். ஓய்ந்த நேரத்தில் புருசன் பெண்டாட்டி விளையாட்டு விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டில் புருசன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறான். போலீஸ் வந்து புருசனை அடிக்கிறது. பக்கம் பக்கமாகக் குடும்ப வன்முறையை வருணித்தாலும் சொல்ல முடியாததை இந்தச் சிறுமிகள் விளையாடியே சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். நாம்தான் அவர்கள் பார்ப்பதைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது, ஒரு விதத்தில். சிறுமிகள் கதைகளில் அடிக்கடி வரத் தொடங்கியிருக்கிறார்கள். 2012இல் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான போக்சோ சட்டம் வந்த பிறகு, பேசக் கூடாது என்றிருந்ததைப் பேசும் துணிச்சல் நமக்கு வந்தது. நல்லது, வந்தே ஆக வேண்டியது. ஆனால் எங்கள் கைக்கு வரும் பல கதைகளில் அவள் சிதைக்கப்படுவதற்காக மட்டுமே வருகிறாள். அண்மையில் படித்த கையெழுத்துப் பிரதி ஒன்றில் அவளைப் பற்றித் தெரிந்தவை மூன்று: பட்டுப்பாவாடை, கொலுசு, இரட்டை ஜடை. மூன்றாம் பக்கத்தில் கொலுசு மட்டும் புதரில் கிடக்கிறது. எழுதியவரின் கோபம் உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் யாரோடு சண்டை போட்டாள், எந்தக் கணக்கு அவளுக்கு வராது, எதற்குப் பொய் சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவள் உயிரோடு இருந்ததற்கான தடயமே கதையில் இல்லாதபோது அவள் சாவுக்கு நாம் எப்படி அழுவது? கொலுசை வருணித்த கண் யாருடையது என்றும் எழுதுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு ரகம் வருகிறது. பத்து வயதில் மேடைப் பேச்சாளரைப் போல் நியாயம் கேட்கும் சிறுமி. அவளும் வாசகரின் கைதட்டலுக்காக நிறுத்தப்பட்டவள்தான். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டோம். பெண்கள் எழுதிய தொடர்கதைகளிலும் நாயகி பெண்பார்க்கும் படலத்தில்தான் பிறந்திருக்கிறாள். அதேசமயம் அம்பையும் பாமாவும் சல்மாவும் எழுதியிராவிட்டால் இந்தத் தலையங்கத்துக்குச் சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் ரபியா, பெரியவர்கள் பேசும் அந்தரங்கங்களை அரைகுறையாகக் காதில் வாங்கியபடி வளர்கிறாளே, அந்த அரைகுறையை எழுத ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து கேட்டவராக இருக்க வேண்டும். இமையத்தின் ‘செடல்’ பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமியின் கதை. எழுதியவர் ஆண். உட்கார்ந்து கேட்க மனம் இருந்தால் ஆணாலும் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்த இதழில் பாதிப் பக்கங்களைச் சிறுமிகளின் கதைகளுக்கு ஒதுக்குகிறோம். அவள் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. திருடட்டும், தம்பியைக் கிள்ளட்டும், செத்துப்போன பாட்டிக்காக அழாமல் இருக்கட்டும். அவளுக்கு ஒன்றும் நேரவும் வேண்டாம். ஒரு மத்தியானத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று மட்டும் எழுதினாலும் போடுகிறோம். பக்க வரம்பு கிடையாது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளே எழுதினால், திருத்தம் எதுவும் செய்யாமல் அவர்கள் எழுதியபடியே வெளியிடுவோம். கதைகள் பொங்கலுக்குள் வந்து சேர வேண்டும்.