‘மொத்தமா மாத்திடுங்க’ என்னும் மந்திரம்

கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு மந்திரம் புழங்குகிறது. பத்து வருஷப் பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு எந்த மாணவன் போய் நின்றாலும் சரி, பெட்டியின் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே அது வந்து விழும். "இதெல்லாம் பழைய மாடல் தம்பி. ஸ்பேர் கிடைக்காது. இதுல காசு போடறது வேஸ்ட். மொத்தமா மாத்திடுங்க."

கூடப் படிக்கும் நண்பனும் அதையே சொல்வான். கலர் கலராக லைட் எரியும் கேபினட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யூடியூபில் பேசுகிறவரும் அதையே சொல்வார். ஆட்டைத் தோளில் சுமந்து போனவரிடம் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து "இது நாய்" என்று சொன்னதும் ஆட்டை இறக்கிவிட்டுப் போனாரே, அந்தப் பஞ்சதந்திரக் கதைதான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் இப்படித்தான் ஒரே நாளில் குப்பை ஆகிறது.

உண்மை வேறு. பெரும்பாலான மாணவர்களின் பழைய டெஸ்க்டாப்புக்கு ஒரு பாகம் மாற்றினால் போதும். மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அடுத்தவர் லாபம்.

முதல் கேள்வி: என்ன வேலை?

ஒரு பி.காம். மாணவர் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார்? டேலி, எக்செல், பத்துப் பன்னிரண்டு டேப் திறந்த பிரவுசர், பி.டி.எஃப். நோட்ஸ், செமஸ்டர் கடைசியில் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட். ராத்திரி ஒரு படம். இதில் எந்த வேலைக்கு இந்த வருஷத்து பிராசஸர் வேண்டும்? 2012ல் வந்த இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5, 2013ல் வந்த நான்காம் தலைமுறை ஐ3 ஆகியவை இந்த வேலைகளை இன்றைக்கும் செய்யும். அப்படியென்றால் ஏன் ஆமை மாதிரி நகர்கிறது?

இதற்குப் பதில் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இருக்கிறது. லிமிட்டிங் ஃபேக்டர் என்று மார்ஜினல் காஸ்டிங்கில் படிப்பார்கள். ஒரு ஃபேக்டரியில் மெஷின் நேரம்தான் பற்றாக்குறை என்றால், ஆளைக் கூட்டினாலும் சரக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடாது. எது இழுத்துப் பிடிக்கிறதோ அதை விடுவிக்க வேண்டும். பரீட்சையில் இந்தக் கணக்கைப் போட்டு மார்க் வாங்குகிறவர்கள், சொந்தக் காசு என்று வரும்போது மறந்துவிடுகிறார்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். சாதாரண டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும். கேட்கப் பெரிதாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 120 சுற்றுதான். வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்கு மேல். தலை நகர்ந்து சரியான இடத்துக்கு வரும் நேரம் தனி. ஆகமொத்தம் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை வினாடிக்குச் சுமார் நூறு முறைதான் எட்டிப் பிடிக்க முடியும். விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். பிராசஸர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு கிடையாது. அதே தகவலை 0.1 மில்லி செகண்ட் அளவில் எடுத்துக் கொடுக்கிறது. எத்தனை மடங்கு என்று கால்குலேட்டர் இல்லாமலே சொல்லலாம். அதனால்தான் அதே பழைய பெட்டி, அதே பழைய பிராசஸர், எஸ்.எஸ்.டி. போட்டதும் வேறு மெஷின் மாதிரி ஆகிறது.

காசு போடும் முன் ஒரு நிமிஷம்

இதைச் சோதிக்க நிபுணர் தேவையில்லை. கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பிராசஸர், மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் இருக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பிராசஸர் 15, 20 என்று தூங்குகிறது என்றால் தீர்ப்பு வந்துவிட்டது. மெமரி 90ஐத் தாண்டினால் ராம் போதவில்லை. பிராசஸரே எந்நேரமும் 100ல் நின்றால்தான் கடைக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். அப்போதும் ஏதாவது வைரஸ் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு.

செலவின் வரிசை இதுதான்:

1. தூசி. மூடியைக் கழற்றி, ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைப்பது. நம்ம ஊர் வெயிலில் சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியை "வயசாயிடுச்சு" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

2. எஸ்.எஸ்.டி. 2.5 இன்ச் சாட்டா வகை, 240 அல்லது 256 ஜி.பி. போதும். விண்டோஸும் சாஃப்ட்வேரும் அதில். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டாம். படங்களும் பாடங்களும் அதில் கிடக்கட்டும். மாற்றுவதற்கு முன் முக்கியமான ஃபைல்களைத் தனியாகக் காப்பி எடுத்துவிட வேண்டும். "இந்த பழைய போர்டுல எஸ்.எஸ்.டி. போட்டாலும் ஸ்பீடு வராது" என்று ஒரு வசனம் வரும். பாதி உண்மை. எச்61 போன்ற போர்டுகளில் சாட்டா வேகம் 3 ஜி.பி.பி.எஸ்.தான், வினாடிக்கு 300 எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஆனால் மாணவருக்குக் கிடைக்கும் லாபம் அந்த உச்ச வேகத்தில் இல்லை. காத்திருக்கும் நேரம் ஒழிவதில் இருக்கிறது. அது பழைய போர்டிலும் ஒழியும்.

3. ராம். 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்கலாம். டி.டி.ஆர்.3 போர்டில் டி.டி.ஆர்.4 ஏறாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். எத்தனை ஸ்லாட் காலி என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போடுவது தண்டம். 64 பிட் போட்ட பிறகுதான் பலன். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறியது. ஆகவே டாஸ்க் மேனேஜர் கேட்டால் மட்டும் ராம்.

அவ்வளவுதான் லிஸ்ட்.

சங்கிலியின் முதல் கண்ணி

"பிராசஸரை மட்டும் மாத்திக்கலாமே" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல் 2011ல் 1155 சாக்கெட், 2013ல் 1150, 2015ல் 1151, 2020ல் 1200, 2021ல் 1700, 2024ல் 1851 என்று மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. புது பிராசஸர் என்றால் புது போர்டு. புது போர்டு என்றால் புது ராம். "பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்காது சார்" என்று அடுத்த குரல் வரும். பெட்டி மட்டும் பழசாக இருந்தால் நல்லாவா இருக்கும்? மூவாயிரம் ரூபாய் எண்ணத்தோடு உள்ளே போனவர் முப்பதாயிரம் பில்லோடு வெளியே வருவது இப்படித்தான். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். பயாஸ் அப்டேட் செய்து பிராசஸரை மட்டும் மாற்ற பல போர்டுகளில் வழி இருக்கிறது.

ஆயுள் முடிந்ததா?

"கம்ப்யூட்டருக்கு ஆயுளே மூணு வருஷம்தான்" என்று ஒரு வாதம். எங்கிருந்து வந்தது? 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு 3 வருஷம் என்றுதான் சொல்கிறது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கான தேய்மானம் 2017-18 நிதியாண்டில் 60 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. 30,000 ரூபாய் மெஷினுக்கு ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் 40 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால், ஐந்தாம் வருஷ முடிவில் 2,333 ரூபாய். பத்தாம் வருஷ முடிவில் 181 ரூபாய்!

இதெல்லாம் கம்பெனி லாபத்தையும் வரியையும் கணக்கிட வைத்த ஏற்பாடு. மெஷினுக்கு அது தெரியாது. புத்தகத்தில் 181 ரூபாய் மதிப்புள்ள கம்ப்யூட்டர் எக்செல்லில் போடும் கூட்டல் தப்பாக வருவதில்லை. பழைய விலை, புத்தக மதிப்பு இரண்டுமே முடிந்த கதை, சங்க் காஸ்ட். இனிமேல் செலவழிக்கும் காசுக்கு எத்தனை வருஷ உபயோகம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

"காசு இல்லேன்னா என்ன, ஜீரோ வட்டி இ.எம்.ஐ. இருக்கே" என்பார்கள். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. வட்டி எங்கேயாவது ஒளிந்திருக்கும். ப்ராசஸிங் கட்டணத்தில், அல்லது கிடைக்காமல் போன தள்ளுபடியில்.

விண்டோஸ் 11 பூச்சாண்டி

எதிர்த்தரப்பில் நியாயமான வாதம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத மெஷினில் நெட் பேங்கிங் செய்வது ஆபத்து. இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை.

ஆனால் இங்கே கெட்டுப்போனது எது? நேற்று வரை ஓடிய பிராசஸர் அக்டோபர் 15 காலையில் செத்துவிடவில்லை. ஒரு கம்பெனி கோடு கிழித்தது, அவ்வளவே. இதற்குப் பதில் புது மெஷின் ஒன்றுதானா? தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்டே நீட்டித்தது. அதற்கப்புறம் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. காசு கிடையாது. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், படம் எல்லாம் அதில் ஓடும். டேலி விண்டோஸுக்கானது என்பதால் அதற்கு மட்டும் பக்கத்தில் விண்டோஸை வைத்துக்கொண்டு, இன்டர்நெட் வேலைகளை லினக்ஸில் செய்யலாம். எஜுகேஷன் மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட்டுப் பழகுவதற்கு இன்டர்நெட் எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்பைப் பற்றிப் பயமுறுத்தும் பல இடங்களில் ஏற்றித் தருவது கிராக் செய்த விண்டோஸ். அதில் அப்டேட்டை முதல் வேலையாக நிறுத்தி வைத்திருப்பார்கள்.

எப்போது கைகழுவலாம்?

போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பி, மெஷின் அடிக்கடி தானாக அணைகிறது. டி.டி.ஆர்.2 காலத்துப் பெட்டி. வீடியோ எடிட்டிங், 3டி போன்ற படிப்பு. தினமும் கிளாஸுக்குத் தூக்கிப்போக வேண்டிய கட்டாயம். இவற்றில் ஒன்று இருந்தால் புதுசு வாங்குவதே நியாயம். வாங்கும்போதும் பழைய பெட்டியிலிருந்து எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிக்கொள்ளலாம், அது புதிதிலும் உழைக்கும். மிச்சத்தைத் தெருக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இந்த நான்கும் இல்லாத மாணவர், வீட்டில் போய் "நாற்பதாயிரம் வேணும்" என்று கேட்பதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அந்த நாற்பதாயிரம் பல வீடுகளில் அடுத்த வருஷ ஃபீஸ், தங்கையின் அட்மிஷன், அடகில் இருக்கும் நகை. கடைக்காரருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளைக்குத் தெரியும்.

கடைக்குப் போகும்போது "ஸ்லோவா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்காமல், "256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒண்ணு குடுங்க" என்று சொன்னால் போதும். மந்திரம் பலிக்காது.