காணாமல்போன ஆசிரியர் அறை

2020 ஜூன் மாதம், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஒரு படம் நாடு முழுக்கப் பரவியது. புனேயில் ஒரு வேதியியல் ஆசிரியை இணையவழி வகுப்பு எடுக்கிறார். கேமராவை நிறுத்த முக்காலி இல்லை. துணி மாட்டும் ஹேங்கரில் கைபேசியைச் செருகி, அதைத் துணிப் பட்டைகளால் மேலே கூரையிலிருந்தும் கீழே நாற்காலியோடும் இழுத்துக் கட்டி, அந்தரத்தில் ஆடாமல் நிறுத்தியிருந்தார். பக்கத்தில் கரும்பலகை. கையில் சாக்பீஸ்.

எல்லோரும் அவருடைய சமயோசிதத்தைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்தில் என் கண்ணில் பட்டது அவருடைய தனிமை. "கைபேசி ஆடுதே, என்ன செய்யலாம்?" என்று கேட்க அவருக்குப் பக்கத்து மேசை இல்லை. அந்தக் கோடையில் இந்தியா முழுக்க ஆசிரியர்கள் அதே சிக்கலை வீட்டுக்கு வீடு தனித்தனியாக, ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கி, தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஆசிரியர் அறையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நீள மேசை. ஒரு பக்கம் திருத்தாத நோட்டுக் கட்டு, மறுபக்கம் டிபன் பாக்ஸ், மூலையில் பூட்டு சரியாக விழாத பீரோ. புதிதாக வந்த டீச்சர், "கழித்தல் குறி வந்தாலே பாதிப் பேர் முழிக்கிறாங்க சார்" என்பார். மூத்தவர் சாப்பாட்டைப் பிசைந்தபடியே, "கிணத்துப் படிக்கட்ட வச்சுச் சொல்லிப் பாருங்க டீச்சர். தரை சைபர். கீழ இறங்குற படியெல்லாம் கழித்தல்" என்பார். மறுநாள் வகுப்பில் அது பலிக்கும். பி.எட். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒருவர் ஆசிரியர் ஆகிறார்.

தொலைவிலிருந்து கற்பிக்க நாம் கண்டுபிடித்த வழிகள் எல்லாவற்றிலும் மாணவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றே கவலைப்பட்டோம். ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் நடுவே விழுந்த தூரத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. அஞ்சல் உறையிலிருந்து கைபேசி வரை அறுபது ஆண்டுக் கதையைத் திருப்பிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அந்தப் பாதையில் வந்தன. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்கிய ஒரு தலைமுறை அதற்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியான எத்தனையோ பெண்கள் அந்தக் காக்கி உறையில் வந்த பாடங்களைப் படித்துத் தேறியவர்கள். ஆனால் பாடத்தை எழுதியவர் ஓர் ஊரில் இருந்தார். தொடர்பு வகுப்பு எடுத்தவர் இன்னோர் ஊரில் இருந்தார். விடைத்தாளைத் திருத்தியவர் மூன்றாவது ஆள். மூன்றாம் பாடத்தில் மாணவர் தடுமாறுகிறார்கள் என்று வகுப்பெடுத்தவருக்குத் தெரிந்தாலும், எழுதியவர் காதுக்கு அது போக வழி பெரும்பாலும் இருக்கவில்லை. அதே பாடம் அதே தடுமாற்றத்தோடு அடுத்த ஆண்டும் அச்சானது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை வேறு மாதிரி செய்தது. 1969-ல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறக்குறைய 25,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. அதன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத்தான் உலகம் பேசியது. உண்மையான புதுமை உள்ளே இருந்த பாடக்குழு. ஒரு பேராசிரியர் எழுதிய வரைவு மற்ற பேராசிரியர்கள், பதிப்பாசிரியர், பிபிசி தயாரிப்பாளர் என எல்லோர் கைக்கும் போகும். உட்கார்ந்து கிழிப்பார்கள். 'இந்த எடுத்துக்காட்டு புரியவில்லை', 'இந்தப் பத்தி எதற்கு?' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவர் திருத்திக் கொண்டுவருவார், மறுபடி கிழிப்பார்கள். தனிக் காட்டு ராஜாவாகப் பாடம் நடத்திப் பழகிய பேராசிரியர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. செலவும் அதிகம், காலமும் அதிகம். ஆனால் அப்படி வந்த நூல்களை மற்றப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வாங்கித் தங்கள் வகுப்புக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் குழுவுக்கு ஆசிரியர் அறை என்று பெயரிடவில்லை, அவ்வளவுதான்.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கியபோது இந்த முறையையே முன்மாதிரியாகக் கொண்டது. 1990 முதல் 1994 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் நம் வா.செ. குழந்தைசாமி. பொறியியல் அறிஞர், தமிழ்க் கவிஞர். பின்னாளில் அவர் வழிகாட்டலில்தான் 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். வெளிநாட்டில் வார இறுதியில் நாலு பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தமிழ் சொல்லித் தரும் தாய்மார்களுக்கு, கையில் பிடித்துக்கொள்ள ஒரு பாடம் கிடைத்தது.

செயற்கைக்கோள்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவிடம் கடன் வாங்கிய செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. ஆண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் போய்விட்டது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே எடுசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2010-ல் அதுவும் ஓய்ந்தது. வானத்திலிருந்து வந்தது வானத்தோடு போயிற்று.

தரையில் வேர்பிடித்த ஒன்றைப் பற்றி நின்று பேச வேண்டும். 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. பிறகு ஏகலவ்யா நிறுவனம் அதை முன்னெடுத்தது. அதில் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை பக்கத்தில் இருக்கும் ஒரு மையத்தில் கூடினார்கள். போன மாதம் எந்தச் சோதனை வகுப்பில் வேலை செய்தது, எது சொதப்பியது, குழந்தை கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று பேசினார்கள். அந்தப் பேச்சு பாடநூலுக்குள்ளேயே போனது. ஆசிரியர்கள் சொன்னதைக் கொண்டு பாடநூலைத் திருத்தி எழுதினார்கள்.

1978-ல் அங்கே வந்து சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் அர்விந்த் குப்தா, கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி அதில் தீக்குச்சிகளைச் செருகினார். மூன்று குச்சியால் முக்கோணம் செய்தால் எப்படி அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியால் சதுரம் செய்தால் தொட்டதும் சாய்ந்து சரியும். பாலத்திலும் கூரையிலும் ஏன் இத்தனை முக்கோணம் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் விரலால் தெரிந்துகொள்ளும். செலவு சில பைசா. பிற்காலத்தில் அவர் தன் புத்தகங்களையும் செய்முறைப் படங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்தார். பல மொழிகளில் போயிற்று, தமிழிலும் வந்தது. இணையத்தில் ஆசிரியர்களுக்கான வளம் என்று நாம் இன்று சொல்வதில் உயர்ந்த சரக்கு, இணையம் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே ஆசிரியர்கள் கூடிப் பேசிய இடத்தில் விளைந்தது. 2002-ல் மாநில அரசு ஹோஷங்காபாத் திட்டத்தை மூடியது. இந்தியக் கல்வி வரலாற்றில் நான் மன்னிக்க முடியாத ஆணைகளில் அது ஒன்று.

கூடினால் மட்டும் போதுமா? கையில் இருப்பதைக் கொடுக்கவும் முடிய வேண்டும். தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனி வேதனை இருந்தது. ராத்திரி கண்விழித்து ஒருவர் பாமினி எழுத்துருவில் வினாத்தாள் தட்டச்சு செய்து பக்கத்து ஊர் நண்பருக்கு அனுப்புவார். அவர் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. 'அம்மா' என்ற சொல் நடுவில் ஓர் அரைப்புள்ளியோடு நாலைந்து ஆங்கில எழுத்தாகத் தெரியும். அரசு அலுவலகத்தில் வானவில், அச்சகத்தில் வேறொன்று, வீட்டில் பாமினி. பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பு இப்படிப் பூட்டிய பெட்டிகளாகக் கிடந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு, எந்தக் கணினியிலும் ஒரேபோலப் படிக்கக்கூடிய யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகும் பழக்கம் உடனே போகவில்லை. எழுத்துரு சிதறும் என்ற பயத்தில் எல்லோரும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார்கள். பிடிஎஃப் வந்து சேரும், படிக்கலாம். ஆனால் வால்பாறை ஆசிரியர் அதிலிருக்கும் 'கடற்கரை' என்ற சொல்லை 'தேயிலைத் தோட்டம்' என்று மாற்றிக்கொள்ள முடியாது.

பக்கத்து வீடான கேரளம் இதை முன்பே புரிந்துகொண்டது. 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது பயிற்சி தரும் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் விடாமல், வகுப்பறை ஆசிரியர்களிடமிருந்தே பயிற்றுநர்களை எடுத்தார்கள். பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் நகலெடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எடுசாட்டை நம்பி 2005-ல் விக்டர்ஸ் என்ற கல்வித் தொலைக்காட்சி அலைவரிசையை அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் 2010-ல் போனது, விக்டர்ஸ் போகவில்லை. ஏனென்றால் அதைச் சுமந்தவர்கள் பள்ளிகளில் இருந்தார்கள். 2020 ஜூன் 1 அன்று, பள்ளி திறக்க வேண்டிய அதே நாளில், அந்த அலைவரிசையில் பாடம் தொடங்கிவிட்டது. ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன ஓர் ஆசிரியையை இணையத்தில் முதலில் கேலி செய்தார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அவர் பக்கம் நின்றதும் கேலி அடங்கிப் பாராட்டானது. அந்தத் துணை இருந்தால்தான் ஆசிரியர் துணிந்து கேமரா முன்னால் நிற்பார்.

தமிழ்நாட்டில் நம்மிடம் பொருளுக்குக் குறைவில்லை. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வைத்தோம். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி. ஒவ்வொன்றையும் நான் மதிக்கிறேன். ஆனால் 2020-ல் ஆசிரியர்கள் உண்மையில் எங்கே கூடினார்கள்? வாட்ஸ்ஆப் குழுக்களில். நான் சந்தித்த ஓர் ஒன்றியப் பள்ளி ஆசிரியர் தன் கைபேசியைக் காட்டினார். ஒன்பது குழுக்கள். அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. அதனால் குழு ஒன்று, குழு இரண்டு என்று கிளை பிரிந்திருந்தது. "போன ஆகஸ்ட்ல ஒருத்தங்க பின்னம் சொல்லித்தர அருமையா ஒரு தாள் போட்டாங்க சார். தேடுறேன், கிடைக்கல" என்று விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தார். காலை வணக்கப் படங்கள், சுற்றறிக்கைகள், புள்ளிவிவரம் கேட்டு வந்த செய்திகள், மறுபடி வணக்கம். அந்தத் தாள் கடைசி வரை அகப்படவில்லை. அதைச் செய்தவர் பெயரும் அவருக்கு நினைவில்லை.

இந்த ஒரு காட்சியில் எல்லாம் இருக்கிறது. நல்ல சரக்கு இருக்கிறது, கொடுக்க மனம் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. சேர்த்து வைக்க இடமில்லை, செய்தவருக்குப் பெயரில்லை.

குறுவள மையக் கூட்டம் என்ற ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஹோஷங்காபாத் ஆசிரியர்கள் கூடியது போன்ற கூட்டம்தான். ஆனால் மேலிருந்து வந்த கட்டகத்தை வாசித்து முடிப்பதற்குள் அங்கே பொழுது போய்விடுகிறது. பள்ளிக்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் சிறியது: அந்த நாளில் ஒரு மணி நேரத்தை நிகழ்ச்சி நிரலே இல்லாமல் ஆசிரியர்களிடம் விட்டுவிடுங்கள். இந்த மாதம் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவர்கள் பேசட்டும். அதில் வரும் நல்ல தாள்களை வகுப்பு, பாடம், செய்தவர் பெயர் போட்டு, யாரும் எடுத்துத் திருத்தும்படி ஒரே இடத்தில் வையுங்கள்.

ஆசிரியர்களே, உங்கள் மடிக்கணினியில் எத்தனையோ ஆண்டு உழைப்பு தூங்குகிறது. அடுத்த முறை ஒரு பயிற்சித் தாளை அனுப்பும்போது யூனிகோடில், பிடிஎஃப் ஆக்காமல், திருத்தக்கூடிய கோப்பாகவே அனுப்புங்கள். கீழே உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.