காலைப் பார்க்காத நீரிழிவுச் சிகிச்சை

மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. மலேசிய இந்தியர்களின் நிலை இன்னும் மோசம்: 2019 ஆய்வில் அவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது.

ஜொகூரில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை அரசு சுகாதார கிளினிக்கில் தொடங்குகிறது. சிக்கல் முற்றினால் ஜொகூர் பாரு சுல்தானா அமினா, மூவார் சுல்தானா பாத்திமா போன்ற மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். குடிமக்களுக்குக் கிளினிக் கட்டணம் 1 வெள்ளிதான். மருந்தும் அதில் அடக்கம். பெருமைப்படத்தக்க ஏற்பாடு இது.

சிரமம் நேரத்தில் இருக்கிறது. ரத்தம் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வருவதற்குள் அரை நாள் போய்விடும். விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரும், செம்பனைத் தோட்டத்தில் நாள்கூலி வாங்குகிறவரும் தவணையைத் தவறவிட்டால் அதை அலட்சியம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

நேரம் ஒருபுறம் இருக்க, நீரிழிவுப் பராமரிப்பின் தரத்தைப் பாதப் பரிசோதனையில் கண்டுகொள்ளலாம். காலுறையைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சில நிமிட வேலைதான். மரத்துப்போன காலை அப்போதே கண்டுபிடித்தால் புண்ணைத் தடுக்கலாம். விட்டுவிட்டால் விரலில் தொடங்கும் புண் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். விழித்திரைப் படமும் சிறுநீர்ப் புரதச் சோதனையும் ஆண்டுதோறும் தேவை. நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவே.

வேலைக்குப் போகிறவர்களும் வர ஏதுவாக, மாநிலச் சுகாதாரத் துறை மாலை நேர நீரிழிவுச் சேவையை விரிவுபடுத்த வேண்டும். இன்சுலின் ஊசி போடும் முறையையும் உணவு ஆலோசனையையும் முதியவர்களுக்குத் தமிழிலேயே சொல்லித்தர ஆள் வேண்டும்.