மரம் மூச்சு விடுகிறதாம்!

மின்கிற்றாரின் மேப்பிள் கழுத்துக்கு எதைப் பூசுவது என்ற கேள்விக்கும் ஒரு பத்திரிகையாளனுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எழுபதுகளில் கொழும்பில் மெல்லிசைக் குழுவொன்றில் கிற்றார் வாசித்தவன் என்பது ஒரு காரணம். பொய்யை மெய்போலச் சொல்பவர்களை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்தவன் என்பது மற்றையது.

ரொறன்ரோவில் வாழும் என் தம்பியின் மகன், பகுதிநேர வேலையில் சேமித்த பணத்தில் பூச்சில்லாத மேப்பிள் கழுத்தொன்றை வாங்கினான். எதையும் பூசவேண்டாம், மரம் மூச்சு விடவேண்டும் என்று விற்றவர் உபதேசித்தாராம். ஓராண்டுக்குள் பெருவிரல் ஓடிய இடமெல்லாம் சாம்பல்நிற அழுக்கு ஊறிப்போயிற்று. கோடையின் ஈரப்பதத்திலும் குளிர்கால வெப்பமூட்டியின் வறட்சியிலும் கழுத்து மாறிமாறி வளைந்தது. அதே கடை இப்போது சொல்லும் பரிகாரம், நைற்றோசெலுலோஸ் லாக்கர். அதுதான் மரத்தை மூச்சுவிட அனுமதிக்குமாம். கூலியோ கழுத்தின் விலையை நெருங்குகிறது. "பெரியப்பா, குடுக்கட்டோ?" என்று தொலைபேசியில் கேட்டான்.

வெட்டிய மரம் மூச்சு விடுவதில்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, பின்னர் வெளியே விடுகிறது, அதனாலேயே வளைகிறது. அதை முற்றாகத் தடுக்க எந்தப் பூச்சாலும் முடியாது. தாமதப்படுத்துவதே பூச்சின் பணி. எனவே "மூச்சுவிடும் பூச்சு" என்று பெருமைப்படுவது, ஒழுகும் கூரைக்கு விளம்பரம் செய்வதற்கு ஒப்பானது.

நைற்றோசெலுலோஸைப் புனிதப்படுத்துவோர் அதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்கவேண்டும். 1920களில் டூப்பொன்ற் நிறுவனம் மோட்டார்க் கார்களுக்காகச் சந்தைப்படுத்திய லாக்கர் அது. விரைவாகக் காய்வதே அதன் சிறப்பு. 1950களில் ஃபெண்டர் நிறுவனத்தின் ரெலிகாஸ்ரர், ஸ்ரற்றோகாஸ்ரர் ஆகியவற்றின் மேப்பிள் கழுத்துகள் அதையே அணிந்திருந்தன. விரற்பலகையில் பூச்சுத் தேய்ந்து, மரம் கறுத்து, அழுக்கேறியது. 1959 அளவில் அந்நிறுவனம் றோஸ்வூட் விரற்பலகைக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் வேடிக்கை என்னவெனில், அன்று குறையாகக் கருதப்பட்ட தேய்மானத்தை இன்று செயற்கையாக உண்டாக்கி மேலதிக விலைக்கு விற்கிறார்கள்!

நைற்றோ அழகானதுதான். காலப்போக்கில் மஞ்சளேறும், திருத்தும்போது புதிய பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகும். அழகுக்காக விரும்புகிறவர் தாராளமாகப் பூசட்டும். இல்லாத சுவாசத்துக்காகப் பணம் கொடுப்பதையே எதிர்க்கிறேன்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். அழுக்கை மெல்லிய அரத்தாளால் போக்கு. மேப்பிள் விரற்பலகைக்குப் பொலியூரித்தேன் போன்ற கடினமான படலம் வேண்டும். வியர்வையும் தந்தியும் அங்கேதான் உரசுகின்றன. பின்புறத்துக்கு மினுக்கமற்ற மெல்லிய பொலியூரித்தேன் போதும், கை ஒட்டாது. மரத்தின் தொடுகையே வேண்டுமாயின், துப்பாக்கிப் பிடிக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும் உண்டு. மியூசிக் மான் நிறுவனத்தின் கிற்றார்க் கழுத்துகள் பல அவ்வாறானவையே. ஆனால் எண்ணெய் ஈரத்தைக் குறைவாகவே தடுக்கும். காலத்துக்குக் காலம் மீண்டும் பூசவேண்டும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி எறியாதே, விரித்துக் காயவிடு. அது தானாகவே தீப்பற்றக்கூடும்.

அவன் பொலியூரித்தேனைத் தெரிவுசெய்தான். கடை கேட்ட தொகையில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று.

அடுத்தமுறை எவராவது மரம் மூச்சு விடுகிறது என்றால், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்ததும் அந்த ஒரு கேள்விதான்.