சட்டம் எந்தத் தெருவில் விழித்துக்கொள்கிறது?

2025 ஜூன் 1 அன்று காலை, தில்லி ஜங்புராவை ஒட்டி பாராபுல்லா ஓடைக்கரையில் இருந்த மதராஸி முகாமுக்குள் புல்டோசர்கள் நுழைந்தன. ஏறத்தாழ 370 குடியிருப்புகள் இடித்துத் தள்ளப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளுக்கு முன்பு தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். சுற்றியுள்ள வசதியான குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கியும், சமைத்தும், வாகனம் ஓட்டியும் வாழ்ந்தவர்கள். இது கும்பல் ஒன்று வெறியில் செய்த காரியமன்று. உயர்நீதிமன்றத்தின் ஆணை இருந்தது, கணக்கெடுப்பு இருந்தது, தகுதிப் பட்டியல் இருந்தது, காவலுக்குப் படையும் இருந்தது. அனைத்தும் 'விதிப்படி' நடந்தன.

அதனால்தான் நம்மைச் சுற்றியுள்ளவர்களிடையேகூட ஒரு தயக்கம் எழுந்தது. "ஓடையை அடைத்துக்கொண்டுதானே இருந்தார்கள்? நீதிமன்றம்தானே சொன்னது? பாதிப்பேருக்கு மேல் மாற்று வீடு கொடுத்திருக்கிறார்களே? சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் பகைவர்கள் அல்லர். நம் கூட்டங்களுக்கு வருபவர்கள், நம் ஏட்டைப் படிப்பவர்கள். ஆகவே பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

விதி மீறாதவர் யார்?

தில்லியில் கட்டட விதியையும் நிலப்பயன்பாட்டு விதியையும் மீறியவர்கள் குடிசைவாசிகள் மட்டுமல்லர். 2019இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றி, 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சொத்துரிமை வழங்க முன்வந்தது. வரைபட அனுமதியின்றி, பெரும்பாலும் விளைநிலங்களைத் துண்டாக்கி எழுந்த குடியிருப்புகள் அவை. அந்த மக்களுக்கு உரிமை கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் அதே சட்டத்தின் வரம்புக்கு வெளியே 69 செல்வந்தர் குடியிருப்புகள் நிறுத்தப்பட்டன. தென் தில்லியின் சைனிக் ஃபார்ம்ஸ் அவற்றுள் ஒன்று. அனுமதியற்றவை என்று அரசே எழுதிவைத்திருக்கும் அந்த மாளிகைகள், முறைப்படுத்தப்படாமலும் ஊரோடு பெயர்த்தெறியப்படாமலும் பல பத்தாண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. அங்கே சட்டம் பொறுமையின் வடிவம்.

2006ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் கடைகளுக்கு முத்திரை வைக்குமாறு அவ்வாண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. வணிகர்கள் தெருவில் இறங்கினர். சீலம்பூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அரசு என்ன செய்தது? பிப்ரவரி ஆணை வந்த சில மாதங்களுக்குள் நாடாளுமன்றம் சிறப்புப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 2,183 தெருக்களில் வணிகப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டது. 2007இல் வந்த புதிய பெருந்திட்டம் கலப்புப் பயன்பாட்டை ஏற்றுக்கொண்டது. சிறுவணிகரின் பிழைப்பும் அதில் காக்கப்பட்டது என்பதால் அதை நாம் குறைகூறவில்லை. சுட்ட விரும்புவது இதைத்தான்: எதிர்த்து நிற்கும் வலிமையுள்ளவர் விதியை மீறினால், மீறலைத் திருத்துவதற்குப் பதிலாக விதியையே திருத்துவதற்கு இந்நாட்டில் வழி இருக்கிறது. அவ்வழி மதராஸி முகாமுக்குத் திறக்கவில்லை.

ஒரே சட்டத்துக்கு இரு வாசல்கள்

தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் 343ஆம் பிரிவு, அனுமதியின்றி எழுப்பிய கட்டடத்தை இடிக்குமுன் உரியவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. ஆணை வந்தபின் மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. வரம்புக்குட்பட்ட மீறலாயின் கட்டணம் செலுத்திச் சீர்செய்து கொள்ளலாம். அதற்கு முன்பே, ஒவ்வொரு மாடிக்கும் கூரை வார்க்கும்போது 'கவனிக்க வேண்டியவரைக் கவனிக்கும்' வழக்கமும் உண்டு. அது ஊரறிந்த இரகசியம். அதே சட்டத்தின் 322ஆம் பிரிவோ, பொதுத்தெருவில் வைக்கப்பட்ட கடையையும் பலகையையும் பண்டங்களையும் முன்னறிவிப்பு ஏதுமின்றி அகற்றலாம் என்கிறது. பட்டா உள்ளவருக்கு ஒரு வாசல். தள்ளுவண்டிக்காரருக்கு வேறொரு வாசல்.

2022 ஏப்ரல் 16 அன்று ஜஹாங்கீர்புரியில் அனுமன் ஜெயந்தி ஊர்வலத்தின்போது மோதல் நிகழ்ந்தது. நான்கே நாட்களில், ஏப்ரல் 20 அன்று, அங்கே 'ஆக்கிரமிப்பு அகற்றம்' தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாத பெட்டிக்கடை, மோதலுக்குப் பிறகு திடீரென்று விதிமீறலாகத் தென்பட்டது. தற்போதைய நிலை தொடரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் இடிப்பு உடனே நிற்கவில்லை. அந்த ஆணையைக் கையில் ஏந்தி, தோழர் பிருந்தா காரத் இயந்திரத்தின் முன் நின்ற காட்சியை நாடு கண்டது. பின்பு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எடுத்துவைத்த வாதம் என்ன? நடைபாதையில் உள்ளவற்றை அகற்ற முன்னறிவிப்பு தேவையில்லை என்பதுதான். மதவெறி அரசியல் தனக்கென்று புதிய சட்டம் எதையும் இயற்றிக்கொள்ளவில்லை. ஏழைக்கென்று ஏற்கெனவே திறந்து வைக்கப்பட்டிருந்த அந்த இரண்டாம் வாசல் வழியாகத்தான் புல்டோசரை ஓட்டிவந்தது.

தீர்ப்பும் அதன் விதிவிலக்கும்

2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு வழங்கிய தீர்ப்பை நாம் வரவேற்றோம். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை, குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நேரில் விசாரிக்கவேண்டும், காரணம் கூறும் ஆணை வேண்டும், இடிப்பைக் காணொளியில் பதிய வேண்டும், மீறும் அதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்யவேண்டும். இவை போராடிப் பெற்ற பாதுகாப்புகள். 2025 ஏப்ரலில் பிரயாக்ராஜ் வளர்ச்சி ஆணையம், இடித்த வீடுகளின் உரிமையாளர்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு வேறோர் அமர்வு ஆணையிட்டதையும் மறக்க வேண்டாம்.

ஆயினும் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்க ஆணையிட்டவற்றுக்கும் இந்த நெறிமுறைகள் பொருந்தா. நகரத்து உழைப்பாளி வேறெங்கே குடியிருக்கிறார்? தண்டவாள ஓரத்திலும், ஓடைக்கரையிலும், நடைபாதையிலும்தானே? இந்திய நகரங்களின் சேரி வரைபடத்தை எடுத்து இந்த விதிவிலக்கின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய பொருந்திவிடும். மதராஸி முகாம் ஓடைக்கரையிலும் இருந்தது. நீதிமன்ற ஆணைக்கும் உட்பட்டிருந்தது. பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டவர், இருமுறை அதன் வரம்புக்கு வெளியே நின்றார்.

ஓடையை அடைத்தது யார்?

ஓடை தூர்வாரப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. மழைநீர் தேங்குவதும் உண்மை. ஆனால் 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் பாராபுல்லா மேம்பாலச் சாலையைக் கட்டியவர்கள், அந்த ஓடையின் தடத்திலேயே தூண்களை நட்டார்கள். அத்தூண்களை எவரும் ஆக்கிரமிப்பு என்று அழைத்ததில்லை. 2004இல் யமுனைக் கரையின் புஷ்தா குடிசைகள் ஆற்றைக் காப்பதாகச் சொல்லி அகற்றப்பட்டன. மறு ஆண்டே அதே ஆற்றங்கரையில் அக்ஷர்தாம் ஆலயம் திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டு வீரர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பும் அதனருகே எழுந்தது. அதைத் தடுக்க 2009இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆறு ஏழைகளிடமிருந்து மட்டுமே காப்பாற்றப்படுகிறது.

"நொய்டாவில் சூப்பர்டெக் இரட்டைக் கோபுரங்களை இடிக்கவில்லையா?" என்று கேட்கலாம். இடித்தார்கள். உயர்நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டு, உச்சநீதிமன்றம் 2021இல் அதை உறுதிசெய்து, 2022 ஆகஸ்ட் 28 அன்று அவை தகர்க்கப்பட்டன. நியாயமான தீர்ப்பு. அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு 12 விழுக்காடு வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் ஆணையிட்டது. எட்டு ஆண்டு வழக்கும், இழப்புக்கு ஈடும் என்பதுதான் முறையான செயலாக்கம். நாம் கோருவதும் அந்த முறையைத்தான். மதராஸி முகாமில் முதலில் தகுதியுடையோர் என அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள் மட்டுமே. பிற்பாடு சில பெயர்கள் சேர்க்கப்பட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் எதுவுமின்றித் தெருவில் விடப்பட்டன. தகுதி பெற்றவர்களுக்குக் கிடைத்ததோ, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தலைநகரின் வடகோடி நரேலாவில் ஒரு வீடு. காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் துலக்கவேண்டிய பெண் அங்கிருந்து எப்படி வருவாள்? பிள்ளைகள் தமிழ் படித்த பள்ளிகளை எந்த வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோவது?

சட்டவிரோதம் உற்பத்தியாகும் இடம்

1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. 1962இல் முதல் பெருந்திட்டம் வந்தது. நகரத்தின் நிலம் ஏறத்தாழ முழுவதும் ஒரே அமைப்பின் பிடிக்குள் வந்தது. நகரைக் கட்டுவதற்குத் தொழிலாளர்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் உறங்குவதற்குரிய இடம் திட்டத்தின்படி கட்டி முடிக்கப்படவில்லை. சட்டப்படி வாழ ஓர் இடத்தைத் தராமல், இருந்த இடத்தைச் சட்டவிரோதம் என்று அறிவிப்பது எளிது. நெருக்கடி நிலைக் காலத்தில் துர்க்மான் கேட் தொடங்கி இலட்சக்கணக்கானோர் நகருக்கு வெளியே தூக்கியெறியப்பட்டனர். வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, வேறோர் இடத்துக்கு நகர்த்தி வைக்கிறது என்று எங்கெல்ஸ் 1872லேயே விளக்கினார். நரேலா அந்த 'வேறோர் இடம்'.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. கால்காஜியில் பூமிஹீன் முகாமின் அருகிலேயே 3,024 அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டு 2022 நவம்பரில் சாவிகள் வழங்கப்பட்டன. இருந்த இடத்துக்கு அருகிலேயே மறுகுடியமர்த்தல் இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்டவர்களின் வீடுகள் அங்கும் 2025 ஜூன் 11 அன்று இடிக்கப்பட்டன. பூமிஹீன் என்றால் நிலமற்றோர். பெயரிலேயே தங்கள் குற்றத்தை எழுதி வைத்திருந்தார்கள் போலும்!

ஒரு சொல்லைப் பற்றி

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாலஸ்தீனத்தில் இஸ்ரேலியப் படை செய்வதை 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுகிறோம். ஓடைக்கரையில் தகரக் கூரை போட்டவர் செய்ததையும் அதே சொல்லால் எழுதுகிறோம். படையெடுத்து வந்தவனுக்கும் பிழைக்க வந்தவனுக்கும் ஒரே பெயர். ஆங்கில நீதிமன்றச் சொல்லை அப்படியே தமிழாக்கிப் பல ஆண்டுகள் நானும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். 'புறம்போக்கு' என்ற நிலவரிச் சொல் மனிதரைத் திட்டும் வசையாக மாறியதும் இவ்வழியில்தான். நிலத்துக்கு இட்ட பெயர் அதில் வாழ்பவர்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பின் அவரை அகற்றுவது எளிதாகிறது. இனி இவ்வேட்டில் 'குடியிருப்போர்' என்றே எழுதுவோம்.

இன்னொரு சறுக்கலையும் தவிர்ப்போம். மதராஸி முகாம் இடிப்பைத் தமிழினத்துக்கு நேர்ந்த அவமதிப்பு என்று மட்டும் பேசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பத்து நாள் கழித்துப் பூமிஹீன் முகாமில் வீடிழந்தவர்கள் பீகாரிகளும் வங்காளிகளும் உத்தரப்பிரதேசத்தவரும். ஜஹாங்கீர்புரியில் குறிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியர்கள். மொழியும் மதமும் வேறு, புல்டோசர் ஒன்றே. தமிழர் என்பதற்காக மட்டும் அழுதால், அடுத்த தெருவில் நாம் தனித்து நிற்போம்.

செய்ய வேண்டியவை

தில்லியில் குடிசைகளையும் அங்கீகாரமற்ற குடியிருப்புகளையும் தற்காலிகமாகக் காக்கும் சிறப்புச் சட்டத்தின் ஆயுள் 31.12.2026 வரைதான். ஒவ்வொரு முறையும் ஆயுளை நீட்டித்து, நீட்டித்ததைத் தேர்தலில் விற்கிறார்கள். இடிப்புக்கு முன் மறுகுடியமர்வு, அதுவும் பிழைக்கும் இடத்துக்கு அருகில் என்பதை நிரந்தரச் சட்டமாக்கக் கோருவோம். இது புதுமையான கோரிக்கையன்று. சகூர் பஸ்தி வழக்கில் 2019இல் இதே தில்லி உயர்நீதிமன்றம், முதலில் கணக்கெடுப்பு, குடியிருப்போருடன் கலந்தாய்வு, மறுவாழ்வு, அதன்பின்னரே அகற்றம் என்ற நெறியை வகுத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விதிவிலக்கு நீங்கவேண்டும். 15 நாள் முன்னறிவிப்பும் விசாரணையும் ஓடைக்கரைக்கும் உண்டு என்று முழங்குவோம்.

கிளைகள் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தில்லியின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, 1.1.2015க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கான சான்றுதான் தகுதியின் அடிப்படை. பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது ஆகியவற்றைப் புல்டோசர் வந்த பிறகு தேடமுடியாது; இடிபாட்டுக்குள் புதைந்துவிடும். வீடு வீடாகச் சென்று படியெடுத்து, முகாம்வாரியாகக் கோப்பு உருவாக்குங்கள். தெருவணிகர் சட்டம் 2014, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எந்த வணிகரையும் அகற்றக்கூடாது என்கிறது. அதன் படியொன்று ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் இருக்கட்டும்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்ட நண்பர்களுக்கு நம் விடை இதுவே: ஒன்றாக இருக்கவேண்டும். சைனிக் ஃபார்ம்ஸ் மாளிகைக்குக் காட்டும் பொறுமையையும், சூப்பர்டெக்கில் பணம் கட்டியவருக்குக் கிடைத்த ஈட்டையும் ஓடைக்கரைக்கும் கொடுங்கள் என்கிறோம். சட்டத்துக்கு மேற்பட்ட சலுகை எதையும் நாம் கேட்கவில்லை. அது கிடைக்கும்வரை, இயந்திரம் வரும் தெருவில் நாம் முன்னதாகவே நிற்போம்.