வெயிலைக் கூரையில் வைத்துக்கொண்டு வெந்நீருக்கு அலைவதா?

வெப்பம் மிகுந்த மட்டக்களப்பிலே வெந்நீர்க் கருவியைப் பற்றி எழுதுவதா என்று நகைப்போர் இருக்கலாம். நகைப்பதற்கு முன்னர், மார்கழி மழையில் விடியற்காலையில் மூச்சிரைப்போடு எழும் முதியவரையும், பிள்ளை பெற்று நீராட வேண்டிய தாயையும், அவளுக்காக ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்கும் கிழவியையும் அவர்கள் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். வெந்நீர் செல்வர் வீட்டு ஆடம்பரம் என்றிருந்த காலம் போய்விட்டது. எழுவான்கரையில் உத்தியோகத்தர் எழுப்பும் வீடுகளிலும், படுவான்கரையில் நெல் விற்ற காசில் எழும் வீடுகளிலும் குளியலறைச் சுவரில் மின்சார ஹீற்றர் இடம்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆகவே, அதன் உண்மையான விலை யாது என்று கேட்பது நமது கடமையாகும்.

கடைக்காரர் சொல்வது விலையின் முதற்பகுதி மாத்திரமே. 3 கிலோவாற்று வலுவுள்ள கருவி 230 வோல்ற்று மின்சாரத்தில் 13 அம்பியரை இழுக்கும். குளிக்கும்போதே நீரைச் சூடாக்கித் தரும் வகை 5.5 கிலோவாற்று எனின், 24 அம்பியர் இழுக்கும். வீடுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதோ 30 அம்பியர் இணைப்பு. விளக்குக்கும் மின்விசிறிக்கும் இட்ட மெல்லிய கம்பியில் இக்கருவியைத் தொடுப்பது தோணியில் யானையை ஏற்றுவதற்கு ஒப்பாகும். பிரதான பலகையிலிருந்து தனிக் கம்பி வேண்டும். அதுவும் தடித்த கம்பியாக இருத்தல் வேண்டும். தனி ஆளி வேண்டும். 30 மில்லியம்பியர் கசிந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 'றிப் சுவிச்சு' வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, ஏர்த்து என நாம் வழங்கும் புவித்தொடுப்பு வேண்டும்.

இந்த இடத்திலேதான் நம் மண் நம்மைச் சோதிக்கிறது. கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் உள்ளது போன்ற கரையோர மணல், கோடையில் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. அங்கே ஆழம் போதாமல் நட்ட கம்பி பெயருக்கே புவித்தொடுப்பாகும். வாவியோரத்து ஈர மண் மின்சாரத்தை ஏற்கும். ஆனால் அதன் உப்பு, நட்ட கம்பியைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். அதே உப்பு கிணற்று நீரிலும் இருப்பின், கருவியின் உள்ளே இருக்கும் சூடாக்கும் சுருளையும் தாங்கியையும் தின்னும். அரித்த சுருளிலிருந்து மின்சாரம் நீரில் கசியும். நனைந்த உடம்போடு அதன் கீழே நிற்பவரைக் காப்பவை புவித்தொடுப்பும் றிப் சுவிச்சும் அன்றி வேறில்லை. கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டு, இவ்விரண்டுக்கும் கணக்குப் பார்ப்போர் உயிரை அடகு வைத்துச் சுகத்தை வாங்குகிறார்கள்.

இனி மாதச் செலவைப் பார்ப்போம். 30 லீற்றர் நீரை 27 பாகையிலிருந்து 40 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 0.45 அலகு மின்சாரம் செலவாகும். ஐவர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு ஒவ்வொருவரும் ஒருமுறை குளித்தால், மாதத்துக்கு 68 அலகு. அற்பத் தொகை என்று எண்ணிவிட வேண்டாம். அண்மைய ஆண்டுகளில் நடைமுறையிலிருந்த வீட்டுக் கட்டண முறைப்படி, மாதம் 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு சலுகை அட்டவணை உண்டு; தாண்டிய வீட்டுக்கு வேறோர் அட்டவணை. தாண்டிய அலகுக்கு மாத்திரம் அன்று, முதல் 60 அலகுக்கும் கூடிய விலையே கணக்கிடப்படும். நிலையான கட்டணமும் உயரும். 55 அலகோடு மாதத்தை முடித்த குடும்பம் ஹீற்றரைப் பூட்டியதும் 120 அலகைக் கடந்துவிடுகிறது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. பின்னர் குறைந்ததும் உண்டு. 2025 ஜூனில் மீண்டும் ஏறியதும் உண்டு. நமது கையில் இல்லாத விலையை நம்பி வீட்டின் அன்றாடத் தேவையை அமைத்துக்கொள்வது விவேகமாகுமா?

நாட்டின் நிலைமையோ இதனினும் விந்தையானது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஏப்பிரல் 13 முதல் 21 வரை, கூரைகளில் உள்ள சூரிய மின்தகடுகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகலில் மின்சாரத்தை வாங்குவாரில்லை, மாலை 6.30 மணிக்குப் பின்னரோ நாடு முழுவதும் ஒரே நேரத்தில் அதைக் கேட்கிறது. அந்த மாலை நேரத்திலேயே வீடுகளின் ஹீற்றர்களும் இயங்குகின்றன. பகலில் வெயிலை வீணாக்கிவிட்டு, இரவில் எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்து நீரைச் சுடவைக்கிறோம்!

இதற்கு மாற்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கூரை மேல் வைத்த கறுப்புத் தாங்கியின் நீர் பிற்பகல் இரண்டு மணிக்குத் தலையில் ஊற்ற முடியாமல் சுடுவதை அறியாதவர் நம்முள் யார்? அந்தச் சூட்டை இரவு வரை காத்து வைப்பதே சூரிய வெந்நீர்க் கருவியின் வேலை. கண்ணாடியின் கீழ் இருக்கும் கரிய குழாய்களில் நீர் சூடாகி, தானே மேலெழுந்து, வெப்பம் வெளியேறாத தாங்கியில் சேரும். இதற்கு மோட்டார் வேண்டியதில்லை. நல்ல வெயில் நாளில் 2 சதுர மீற்றர் பரப்புள்ள கருவி 200 லீற்றர் நீரின் வெப்பத்தை ஏறத்தாழ 20 பாகை உயர்த்தும். ஐவர் கொண்ட வீட்டுக்கு அது போதுமானது. களத்தில் பரப்பிய நெல்லை உலர்த்துவதற்கு நாம் எவருக்கும் கட்டணம் செலுத்துகின்றோமா? குளிக்கும் நீரைச் சுடவைப்பதற்கு மாத்திரம் ஏன் செலுத்த வேண்டும்?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்பதே முறை. வெந்நீர் அதிகமாக வேண்டியிருக்கும் மாரியில் சூரியன் மறைந்துவிடுகிறானே என்பர். உண்மை, அந்நாள்களில் பாதிச் சூட்டையே வெயில் தரலாம், மீதியைச் சிறு மின்சுருளோ அடுப்போ தரட்டும். அப்போதும் முழுச் சூட்டையும் விலைக்கு வாங்குவதை விட அது இலாபமே. கூரை தாங்குமா என்பர். 200 லீற்றர் நீர் 200 கிலோ எடை; அஸ்பெஸ்தஸ் கூரை மேல் அதனை ஏற்றலாகாது. கொங்கிரீற்று மேடையோ தனித் தூண்களோ வேண்டும். உப்பு நீருக்கு ஈடுகொடுக்கும் தாங்கியும் வேண்டும். முதற்செலவு மின்சார ஹீற்றரை விடப் பன்மடங்கு என்பர். இதுவே வலிய வாதம். ஏழை வெயிலை வாங்க வேண்டியதில்லை. ஆனால் வெயிலைப் பிடிக்கும் கருவியை வாங்க அவனிடம் மொத்தப் பணம் இல்லை.

இந்தக் குறையைத் தனிமனிதர் தீர்க்க முடியாது. பொது ஏற்பாடு வேண்டும். நம்மைப் போன்ற தீவான சைப்பிரசில் பெரும்பாலான வீடுகள் சூரியனாலேயே நீரைச் சூடாக்குகின்றன. பெங்களூரு உள்ள கர்நாடக மாநிலம் 2007 ஆம் ஆண்டிலே குறித்த அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. நாம் கேட்பது கட்டாயம் அன்று, வசதி. உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கிடைப்பது போல, இதற்கும் கூட்டுறவுச் சங்கங்களும் வங்கிகளும் குறைந்த வட்டியில் கடன் தருதல் வேண்டும். அரசாங்கம் கட்டும் வீட்டுத் திட்டங்களில் தாங்கியைத் தாங்கும் மேடையும், பரிசோதித்த புவித்தொடுப்பும் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும். பிள்ளைப்பேற்று விடுதிகளும் முதியோர் இல்லங்களும் முதலில் இவ்வசதியைப் பெறுதல் வேண்டும். மின்கட்டணம் மாறும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். அப்போது நம் கிராமச் சங்கங்கள் மௌனம் சாதித்தல் ஆகாது. 60 அலகு எல்லையைத் தாண்டும் ஏழைக் குடும்பத்தின் கதையை எழுத்தில் அனுப்புதல் நமது உரிமை.

அதுவரை, ஹீற்றர் வாங்கப் புறப்படும் ஒவ்வொருவரும் மூன்று வினாக்களுக்கு விடை காணட்டும். என் வீட்டுப் புவித்தொடுப்பைத் தகுதியுள்ளவர் அளந்து பார்த்தாரா? என் மாதக் கணக்கு எந்த எல்லையைத் தாண்டும்? என் கூரை, தாங்கியின் சுமையை ஏற்குமா? முதல் வினாவுக்கு 'இல்லை' என்பது விடையாயின், கருவிக்கென வைத்த பணத்தில் முதற் காசு புவித்தொடுப்புக்கே செல்லட்டும். மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்பது விடையாயின், மின்சாரத்தை விடுத்து வெயிலை நாடுவதே அறிவுடைமை.