கம்ப்யூட்டரில் சம்பாதிக்கிறீர்களா? கணக்கில் காட்டுங்கள்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் முதலில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், இ-மெயில் அனுப்பப் பழகுகிறோம். சில மாதங்கள் சென்றதும் பலருக்கு ஓர் எண்ணம் வரும். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து ஏதாவது சம்பாதிக்க முடியாதா?" தாராளமாக முடியும். வெப்சைட் அமைத்துக் கொடுப்பது, புரோகிராம் எழுதுவது, டிசைன் செய்வது, மொழிபெயர்ப்பது என வீட்டிலிருந்தே செய்யக் கூடிய வேலைகள் நிறைய உள்ளன. எப்படிச் சம்பாதிப்பது என்று சொல்லித் தரப் பலர் இருக்கிறார்கள். சம்பாதித்ததை வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று சொல்பவர்கள்தான் குறைவு.

நான் இஞ்சினியரிங் முடித்துவிட்டு சாப்ட்வேர் இஞ்சினியராகப் பணியாற்றுகிறேன். அலுவலகத்தில் அனுமதி பெற்று, விடுமுறை நாட்களில் சிறு நிறுவனங்களுக்கு வெப்சைட் அமைத்துத் தருகிறேன். இந்த வருமானத்தை ஆண்டுதோறும் நானே இன்டர்நெட் மூலம் கணக்குக் காட்டுகிறேன். இதனால் நண்பர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பதுண்டு. அவர்களில் பெரும்பாலானோர் மூன்று தவறான எண்ணங்களைக் கொண்டிருக்கிறார்கள்.

"டி.டி.எஸ். பிடித்துவிட்டார்களே!"

இந்திய நிறுவனங்கள் பலவும் நமக்குப் பணம் தருகையில் டி.டி.எஸ். என ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கின்றன. தொழில்முறைக் கட்டணம் என்றால் பெரும்பாலும் 10 சதவீதம். "அதுதான் பிடித்தாகிவிட்டதே, வரி முடிந்தது" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். டி.டி.எஸ். என்பது முன்பணம் மட்டுமே. பில் முழுவதும் அடைபட்டதாகப் பொருள் இல்லை.

2025-26 நிதியாண்டின் விதிகளை வைத்து ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். உங்களுக்கு வேறு வருமானம் இல்லை. வெப்சைட் வேலையில் 6 லட்சம் ரூபாய் வருகிறது. 60,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். பின்னர் நான் விளக்கும் 50 சதவீத முறையில் உங்கள் வருமானம் 3 லட்சம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. எனவே 60,000 ரூபாயும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் அது வராது.

இப்போது மாறான நிலை. சம்பளத்தாலேயே நீங்கள் 30 சதவீத வரி வரம்பில் இருக்கிறீர்கள். பகுதி நேர வேலையில் 3 லட்சம் வருகிறது, 30,000 பிடித்துள்ளார்கள். இதில் வருமானம் 1.5 லட்சம். அதற்கு வரி 45,000, செஸ் 4 சதவீதம் சேர்த்து 46,800. ஆக, இன்னும் 16,800 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் 10 சதவீதம்தான் பிடித்தார்கள். ஒருவருக்குப் பணம் வர வேண்டும், இன்னொருவர் தர வேண்டும்.

"யாருக்குத் தெரியப் போகிறது?"

அரசுக்குத் தெரியும். உங்கள் பான் எண்ணைக் கொடுத்து டி.டி.எஸ். பிடித்த ஒவ்வொரு நிறுவனமும் அந்த விபரத்தை வருமான வரித்துறைக்குத் தந்துவிடுகிறது. 2021 நவம்பரில் ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை அறிமுகமானது. இ-பைலிங் தளத்தில் லாக் இன் செய்து இதனைத் திறந்து பாருங்கள். உங்கள் பேங்க் வட்டி முதல் நீங்கள் மறந்தே போன சிறிய வேலைக்கான பணம் வரை அதில் இருக்கலாம். வருமானத்தைத் தவறாகக் காட்டினால், அதற்கான வரியில் 200 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் பயத்தினால் மட்டும் கணக்குக் காட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என்னுடன் படித்த நண்பர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறார். என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார். வீட்டுக் கடன் கேட்டுச் சென்றபோது மூன்று ஆண்டு ரிட்டர்ன் நகல் கேட்டார்கள். அவரிடம் ஒன்றுகூட இல்லை. வங்கிக் கணக்கில் பணம் வந்தது தெரிந்தும் கடன் கிடைக்கவில்லை. சம்பளம் வாங்குபவனுக்கு அலுவலகம் சான்று தருகிறது. தனியாக வேலை செய்பவருக்கு அவருடைய ரிட்டர்ன்தான் சான்று. மறைத்த வருமானம் நம் கையில் இருந்தாலும், தேவைப்படும் நேரத்தில் அதை நம்முடையது என்று சொல்ல முடிவதில்லை.

"சம்பளத்துடன் சேர்த்துவிடலாமே!"

சம்பளக்காரர்கள் பயன்படுத்தும் ஐ.டி.ஆர். 1 படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட வழியில்லை. "இதர வருமானம்" என்ற கட்டத்தில் போட்டுவிடுவதும் சரியல்ல. தொடர்ந்து வேலை செய்து பெறும் பணம் தொழில் வருமானம். மேலும், அப்படிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். 50 சதவீத சலுகை கிடைக்காது.

அது என்ன 50 சதவீதம்?

2016 ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்த வசதி இது. 1961 ஆம் ஆண்டு சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்திற்குப் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறியுள்ளது, முறை தொடர்கிறது. குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர்கள், ஆண்டு வரவு 50 லட்சத்திற்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டவில்லை எனில் வரம்பு 75 லட்சம். மீதிப் பாதி செலவாக எடுத்துக்கொள்ளப்படும். செலவு பில்களைக் காட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் வாங்கிய பணம், இன்டர்நெட் கட்டணம், மின்சாரம் எல்லாம் அந்தப் பாதியில் அடக்கம். தனியாகக் கழிக்கக் கூடாது. இதற்கான படிவம் ஐ.டி.ஆர். 4. மொத்த வருமானம் 50 லட்சத்திற்குள் இருப்பவர்கள் சம்பளத்தையும் இதிலேயே காட்டலாம்.

இஞ்சினியரிங், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. டைப் அடித்துத் தருவது, மொழிபெயர்ப்பு போன்றவை பெயர் சொல்லி அதில் இல்லை. அவற்றைச் செய்பவர்கள் ஒருமுறை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை

1. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. அதற்காக அந்த வருமானத்திற்கு வரி இல்லை என்று நினைக்கக் கூடாது. இந்தியாவில் வசிப்பவர் உலகில் எங்கிருந்து சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

2. இடையில் உள்ள வெப்சைட் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால், கமிஷனுக்கு முந்தைய முழுத் தொகையே உங்கள் வரவு.

3. டி.டி.எஸ். போக ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் எனில் முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். 50 சதவீத முறையில் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். தவறினால் வட்டி உண்டு.

4. தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய வரி முறை, புதிய வரி முறை என ஆண்டுதோறும் மாறிக்கொள்ள முடியாது. யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

5. முந்தைய ஆண்டு வருமானம் விடுபட்டிருந்தால், 2022 இல் அறிமுகமான ஐ.டி.ஆர். யூ மூலம் கூடுதல் வரி கட்டிச் சரி செய்திடலாம். 2025 இல் இதற்கான காலம் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் ரீபண்ட் கேட்க இதைப் பயன்படுத்த முடியாது.

எக்ஸெல் போதும்

இதற்கென விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் ஒரு பைல் திறந்து, தேதி, வாடிக்கையாளர் பெயர், பில் எண், பில் தொகை, பிடித்த டி.டி.எஸ்., கையில் வந்தது என ஆறு காலங்கள் அமையுங்கள். பணம் வந்த அன்றே ஒரு வரி எழுதுங்கள். ஆண்டு முடிவில் ஏ.ஐ.எஸ். அறிக்கையுடன் ஒப்பிடுங்கள். பிடித்த டி.டி.எஸ். அதில் தெரியவில்லை எனில் அந்த நிறுவனத்திடம் உடனே கேளுங்கள். பைலை மறக்காமல் பேக் அப் எடுத்து வையுங்கள்.

நான்கு ஆண்டு இஞ்சினியரிங் படிப்பில் எனக்கு சி, ஜாவா எல்லாம் சொல்லித் தந்தார்கள். ஒரு பில் எப்படி எழுதுவது, வரி எப்படிக் கணக்கிடுவது என ஒரு மணி நேர வகுப்புகூட இல்லை. இந்த இடைவெளியில்தான், "இல்லாத செலவைக் காட்டி ரீபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இவ்வளவு" என்று சிலர் நுழைகிறார்கள். அவர்களிடம் பாஸ்வேர்டைத் தராதீர்கள். நாளை நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். கல்லூரிகள் இறுதியாண்டில் இதனைப் பாடமாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, புதிய கம்ப்யூட்டரில் நீங்கள் அமைக்கும் முதல் எக்ஸெல் பைல் இந்த வரவுக் கணக்காக இருக்கட்டும்.